பழைய கார் என்றால் வாடை வருமா?

தீபாவளி நெருங்கும்போது வலங்கைமானுக்குக் கார்கள் வரத் தொடங்கிவிடும். கும்பகோணம், மன்னார்குடி, பாபநாசம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வெடி வாங்க வருகிறவர்கள். வெடித் தொழிலுக்குப் பேர்போன ஊர் இது. தீப்பொறி என்ன செய்யும் என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனாலும் வெடிக் கட்டுகளை ஏற்ற டிக்கியைத் திறக்கும்போது குப்பென்று பெட்ரோல் நெடி அடித்தால், "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கட்டை உள்ளே தள்ளுகிறவர்கள் உண்டு.

அப்படி இருக்கக் கூடாது. இந்த நம்பிக்கையில் கால் பங்குதான் உண்மை. அம்பாசடர், பத்மினி, ஆரம்ப கால மாருதி 800 போன்ற கார்புரேட்டர் வண்டிகளில், இன்ஜினை நிறுத்திய பிறகு கார்புரேட்டருக்குள் தங்கிய பெட்ரோல் சூட்டில் ஆவியாகும். சித்திரை வெயிலில் ஆலங்குடி குரு கோயிலுக்குப் போய் வண்டியை நிறுத்தினால், பானெட் பக்கம் சில நிமிஷம் லேசாக வாடை வந்து அடங்கிவிடும். அதோடு சரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் கதவைக் காலையில் திறந்ததும் நெடி மூக்கில் ஏறினால் எங்கோ கசிகிறது என்று பொருள். வண்டியின் வயதைக் குறை சொல்லிப் பயனில்லை.

"கீழே ஒரு சொட்டுகூட இல்லையே!" அதிகம் பேரை ஏமாற்றுவது இந்த வாதம்தான். பெட்ரோல் சொட்டித் தரையைத் தொட வேண்டும் என்று அவசியமில்லை. சூடான இன்ஜின் மேல் கசிந்தால் கசிந்த இடத்திலேயே ஆவியாகிப் போய்விடும். டீசல்தான் பிசுபிசுப்பாக நின்று, தூசியைப் பிடித்துக்கொண்டு காட்டிக்கொடுக்கும். பெட்ரோல் விட்டுப் போகும் தடயத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஓஸ் முனையில், கிளிப் இறுக்கும் இடத்தில், பழுப்பாக வார்னிஷ் பூசிய மாதிரி ஒரு கறை இருக்கும். சுற்றிலும் தூசி அப்பியிருக்க, அந்த விரற்கடை இடம் மட்டும் கழுவிவிட்டதுபோல் இருப்பதும் உண்டு. ஓஸை மெல்ல வளைத்தால் மேல் தோலில் முடி முடியாக வெடிப்பு தெரியும். இன்ஜின் ஆறிய பிறகு, பகல் வெளிச்சத்தில் அல்லது டார்ச் வைத்துப் பாருங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வீரம் வேண்டாம். மைனஸ் 40 டிகிரிக் குளிரிலேயே பற்றக்கூடிய ஆவியை வெளியிடும் பொருள் பெட்ரோல். காற்றில் அந்த ஆவி ஒன்றரை சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கப் போதும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். போர்டிகோவிலேயே தண்ணீர் மோட்டார் சுவிட்சும் இருக்கிற வீடுகளில் இதை நினைவில் வைப்பது நல்லது.

எங்கிருந்து வருகிறது என்று மூக்கை வைத்துத் தேடும் முன், எப்போது வருகிறது என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். டேங்க் நிரப்பிய நாளில் மட்டும் வந்து, பாதியாகக் குறைந்ததும் நின்றுபோனால் கோளாறு டேங்கின் மேல்பக்கம்: மூடியின் வாஷர், மூடியிலிருந்து டேங்குக்குப் போகும் பெரிய ஓஸ், பெட்ரோல் அளவு காட்டும் மிதவை உட்காரும் இடத்தின் கேஸ்கட். பல கார்களில் பின்சீட்டைத் தூக்கினால் அந்த மிதவையின் மூடி கண்ணில் படும். இன்ஜின் ஓடும்போது மட்டும் வாடை வந்தால் பம்புக்கு அப்பால் அழுத்தம் ஏறும் வழியைப் பார்க்க வேண்டும். ஏசி உள்ள வண்டியில் வெளிக்காற்றை அடைக்கும் லீவரைத் தள்ளிப் பாருங்கள். வாடை குறைந்தால் அது பானெட்டுக்குள்ளிருந்து வருகிறது, ஏனென்றால் வெளிக்காற்று உள்ளே நுழைவது முன்கண்ணாடியின் அடியில். லீவரைத் தள்ளியும் குறையவில்லை, ஜன்னலைத் திறந்து ஓட்டும்போது இன்னும் கூடுகிறது என்றால் டிக்கி ரப்பரையும் டேங்கையும் பாருங்கள். ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, வெளியே கசியும் ஆவி டிக்கி வழியாக உள்ளே இழுக்கப்படும்.

இன்னொரு இடத்தை யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை: ஆயில் குச்சி. மெக்கானிக்கல் பம்பு வைத்த வண்டிகளில் பம்பின் டயாபிரம் கிழிந்தால் பெட்ரோல் நேரே இன்ஜின் ஆயிலில் போய்ச் சேரும். குச்சியை உருவினால் ஆயில் அளவு ஏறியிருக்கும், நீர்த்திருக்கும், பெட்ரோல் மணக்கும். அப்படி இருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் பிரஷர் ரெகுலேட்டரோடு இணைந்த சிறிய வேக்கம் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் ரெகுலேட்டரை மாற்ற வேண்டியதுதான்.

"எல்லாம் எத்தனாலால் வந்த வினை" என்பது இப்போதைய பேச்சு. 2022-இல் 10 சதவீதத்தைத் தொட்ட எத்தனால் கலப்பு 2025-இல் 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. கரும்போடு அரிசியிலிருந்தும் எத்தனால் எடுக்கிறார்கள் என்பது நெல் விளைவிக்கும் நமக்கு வேடிக்கையான செய்தி. பழைய கார்களின் ரப்பர் எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. அது ஊறி உப்பும், வண்டி ஓடாமல் நின்று காயும்போது விறைத்து வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும்; ஐப்பசி, கார்த்திகையில் எடுக்காமல் நிறுத்திவைத்த வண்டியின் இரும்பு டேங்குக்கு அது நல்லதல்ல. ஆகவே குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் எத்தனாலைத் திட்டுவதால் ஓஸ் புதிதாகிவிடாது. மாற்றும்போது மீட்டர் கணக்கில் விற்கும் வெள்ளை பிளாஸ்டிக் குழாயை வாங்காதீர்கள். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் அழுத்தம் கார்புரேட்டர் வண்டியைவிடப் பத்து மடங்கு இருக்கும். அதற்கென்று செய்த ஓஸ்தான் தாங்கும்.

டெல்டாவில் எத்தனாலுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்ட பேர்வழி ஒருவர் உண்டு: எலி. சம்பா அறுத்து வயல் காலியானதும் வீட்டுப் பக்கம் வந்து, சூடான பானெட்டுக்குள் குடியேறும். ஓஸில் பல் பதிந்த தடம் இருந்தால் ஆராய்ச்சியே தேவையில்லை. எலிக்காகப் பாச்சை உருண்டையை உள்ளே போட்டு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எலி போகிறதோ இல்லையோ, பெட்ரோல் வாடையை அந்த உருண்டை மறைத்துவிடும்.

கார்புரேட்டர் வழிந்தால் ஸ்பேனரால் ரெண்டு தட்டு தட்டினால் நிற்கும் என்பது மெய்தான். உள்ளே சிக்கிய நீடில் அசைந்து உட்காரும். தூசியோ தேய்மானமோ அப்படியே இருப்பதால் மறுபடி சிக்கும். டேங்க் ஓட்டையில் பார் சோப்பைத் தேய்த்து அடைப்பதும் இதே ரகம். பட்டறை வரை போய்ச் சேரலாம், அதற்கு மேல் நம்ப முடியாது.

"வெயில் காலத்தில் ஃபுல் டேங்க் போட்டால் வெடிக்கும்" என்ற வாட்ஸ்அப் செய்தியை இந்தியன் ஆயில் நிறுவனமே மறுத்துவிட்டது. தயாரிப்பாளர் சொன்ன அளவு வரை எந்தக் காலத்திலும் நிரப்பலாம். தப்பு எங்கே நடக்கிறது என்றால், பங்கில் துப்பாக்கி தானாக நின்ற பிறகும் "ரவுண்டா போடுங்க தம்பி" என்று இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வதில். 2000-க்குப் பிறகு வந்த வண்டிகளில் ஆவியைப் பிடித்துவைக்கக் கரி அடைத்த டப்பா ஒன்று இருக்கும். கழுத்துவரை நிரப்பினால் பெட்ரோல் அதற்குள் போய்க் கரியைக் கெடுக்கும். பிறகு டேங்க் ஆவி பிடிபடாமல் வெளியே வரும், வாடையும் கூடவே வரும்.

ஓஸ் மாற்றிய பிறகும் வாடை போகவில்லை, மெக்கானிக் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகும் முன் கொஞ்சம் பொறுங்கள். கார்ப்பெட்டும் அதன் அடியிலுள்ள பஞ்சும் பெட்ரோலைக் குடித்து வைத்திருக்கும். அவற்றை வெளியே எடுத்து வெயிலில் போட்டுவிட்டுக் கதவுகளைத் திறந்து வையுங்கள். நாளுக்கு நாள் குறைந்தால் அது பழைய வாடை. குறையாமல் நின்றால் இன்னும் கசிகிறது. இதை வண்டியை ஓட்டுகிறவரிடம் கேட்காதீர்கள். தினம் ஓட்டுகிறவரின் மூக்குக்கு அந்த வாடை பழகிப்போயிருக்கும். என்றைக்கோ ஒரு நாள் ஏறும் உறவுக்காரரைக் கேளுங்கள்.