கவிதையைத் தூர் வாரிப் படிப்போம்



புதுக்கவிதை என்றால் நம்மில் பலர் "அது ரொம்ப ஈசி, ஒரு தடவை படிச்சாலே புரிஞ்சிடும்" என்கிறோம். செய்யுளுக்கு அருஞ்சொற்பொருள் வேண்டும், புதுக்கவிதைக்கு வேண்டாம் என்று நானும் நினைத்திருந்தேன். சென்ற மாதம் நூலகப் பாடவேளையில் அந்த நினைப்பு மாறியது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் வரலாறு. பாரதியார் எழுதிய வசன கவிதைகள்தான் புதுக்கவிதைக்கு வித்து. பிறகு ந. பிச்சமூர்த்தி அதை வளர்த்தார். சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து' என்ற சிற்றிதழ் அதற்கு இடம் கொடுத்தது. யாப்பு இல்லாததால் அளவு இல்லை என்று எண்ணக் கூடாது. எதுகை, மோனை பார்த்துச் சொல்லைப் போட வேண்டியதில்லை என்பதால், ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே இருக்கிறது என்று நாம் கேட்கலாம்.

அன்று தமிழம்மா கரும்பலகையில் நா. முத்துக்குமார் எழுதிய 'தூர்' என்ற கவிதையை எழுதிப் போட்டார்கள். இவர் 1975-இல் பிறந்து 2016-இல் மறைந்தவர். சினிமாப் பாட்டுக்காக இரண்டு முறை தேசிய விருது வாங்கியவர். "இது எதைப் பத்தின கவிதை?" என்று அம்மா கேட்டார்கள். "கிணறு தூர் வாருறதைப் பத்தி!" என்று எல்லோரும் கத்தினோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "மழைநீர் சேகரிப்பைப் பத்தி அம்மா" என்றான். வகுப்பே சிரித்தது. அம்மா திட்டவில்லை. "இன்னும் மூணு தடவை படிங்க. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கேள்வி தரேன்" என்றார்கள். அந்த மூன்று கேள்விகளையும் கீழே தருகிறேன்.

கேள்வி 1: யார் யார் இருக்கிறார்கள்? என்னென்ன பொருள் இருக்கிறது?

வீட்டுக் கிணற்றில் வருஷத்துக்கு ஒரு முறை தூர் வாருகிறார்கள். அப்பா உள்ளே இறங்குகிறார். பிள்ளைகள் சேற்றைக் கிளறிப் பொருள்களை எடுக்கிறார்கள். சேறு படும் என்று அம்மா அதட்டுகிறாள். தொலைந்துபோன சாமான்கள் ஒவ்வொன்றாக மேலே வருகின்றன. துருவேறிய ராட்டினம் வருகிறது, ஒரு வெள்ளி டம்ளர் வருகிறது. நான் ரஃப் நோட்டில் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று எழுதி முடித்துவிட்டேன். என் தோழி மட்டும் "வேலைக்காரம்மா" என்று சேர்த்திருந்தாள். "அவங்க எங்கடி வராங்க?" என்று கேட்டேன். "டம்ளரைப் பாரு" என்றாள். ஆமாம், அந்த டம்ளரை அவர் திருடிவிட்டதாகச் சந்தேகப்பட்டார்கள் என்று கவிஞர் எழுதியிருக்கிறார். கவிதையில் அவர் வருவது அந்தச் சந்தேகத்துக்குள் மட்டும்தான்.

கேள்வி 2: எந்தச் சொல்லை எடுத்தால் கவிதை இளைத்துப்போகும்?

அந்தச் சந்தேகத்தை எடுத்துவிட்டால் வெறும் டம்ளர்தான் மிஞ்சும். அது இருப்பதால் ஒரு மனுஷியின் கதையே உள்ளே வந்துவிடுகிறது. அவர் எவ்வளவு அழுதிருப்பார்? வேலை போயிருக்குமா? டம்ளர் கிடைத்த பிறகு யாராவது அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்களா? கவிதை எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் விட்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று அப்போது புரிந்தது.

கேள்வி 3: தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் என்ன மாறியது?

தொடக்கத்தில் தூர் என்றால் கிணற்றின் அடியில் சேர்ந்த சேறு, குப்பை. முடிவில் அது மனசில் சேர்ந்தது. ஒவ்வொரு வருஷமும் அத்தனை ஆழம் இறங்கி, போரில் ஜெயித்தவர் போல மேலே வரும் அப்பா, ஒரு மனசுக்குள் இறங்க மறந்துவிட்டார். அம்மா அப்பாவிடம் பேசுவது கதவின் மறைவில் நின்றுதான், அதுவும் இத்தனை வருஷம் கழித்தும். மேலே நாம் சிரித்துக்கொண்டே படித்ததெல்லாம் இந்த இடத்துக்கு வருவதற்காகத்தான்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். முத்துக்குமார் சின்ன வயதிலேயே தாயை இழந்தவர் என்று தமிழம்மா சொன்னார்கள். "அப்போ இந்த அம்மா யாரும்மா?" என்று கேட்டோம். "கவிதையில வர்ற 'நான்' வேற, எழுதினவர் வேற. அந்த அம்மா யார் வீட்டு அம்மாவாவும் இருக்கலாம். உங்க வீட்டில தேடிப் பாருங்க" என்றார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் தேடினேன். ரொம்ப நேரம் ஆகவில்லை. எங்கள் அம்மா அடுப்படி நிலைப்படியில் நின்றுகொண்டு, "அப்பா சாப்பிட வராரான்னு கேளு" என்றார். திண்ணையில் இருக்கும் அப்பாவுக்கு அது நன்றாகவே கேட்கும். நாலு எட்டு தூரம்தான். ஆனாலும் அப்பா என்னிடம்தான் "வரேன்னு சொல்லு" என்பார். எனக்கு விவரம் தெரிந்த நாளாக நான் இப்படித் தபால்காரி வேலை பார்க்கிறேன். இது ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்றைக்கு, "நீயே கேளும்மா" என்றேன். "போடி, உனக்கு என்ன வந்துச்சு?" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அப்பா தானாக எழுந்து உள்ளே வந்தார். அன்று நடந்தது அவ்வளவுதான். நாலு எட்டு தூரம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். டம்ளர் என்ற சொல்லுக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. காரணம் இருக்கிறது.

ஏழாம் வகுப்பு படிக்கும்போது என் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. மாமா திருவிழாவில் வாங்கித் தந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்தான் எடுத்தாள் என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அவள் தன் பையைத் தரையில் கொட்டிக் காட்டினாள். அதில் இல்லை. ஆனாலும் பல நாள் யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. போகிக்கு வீடு ஒழிக்கும்போது நெல் மூட்டைக்குப் பின்னாலிருந்து அந்த பாக்ஸ் வந்தது. தம்பி ஒளித்துவைத்து மறந்திருக்கிறான். எனக்கு ஒரே சந்தோஷம். அந்தக் கவிதையில் வருகிறவர்களைப் போலவே நானும் சந்தோஷப்பட்டேன், அவளிடம் மட்டும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது.

எல்லோர் முன்னாலும் போட்ட பழியைத் தனியாகப் போய்த் திரும்ப எடுத்துக்கொள்வது நியாயமில்லை என்று தோன்றியது. சுவர் இதழில் எழுதட்டுமா என்று தமிழம்மாவிடம் கேட்டேன். "முதல்ல அவகிட்ட கேளு" என்றார்கள். போய்க் கேட்டேன். என்னால் சரியாகப் பேசக்கூட முடியவில்லை. அவள், "எழுது, என் பேரைப் போடாதே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு அப்பவே தெரியும்டி. பொங்கல் லீவு முடிஞ்சு அதே பாக்ஸைத்தானே நீ எடுத்துட்டு வந்தே? நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்" என்றாள்.

ஆகவே இங்கே எழுதுகிறேன்: அன்று ஏழாம் வகுப்பில் இருந்த எல்லோரும் படியுங்கள். என் பாக்ஸ் என் வீட்டில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை. தப்பு என்னுடையது.

தோழர்களே, நீங்களும் ஒரு கவிதையை எடுத்து இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். நம் நூலக அலமாரியில் கவிதைப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒரே மூச்சில் பத்துக் கவிதை படிப்பதைவிட, ஒரு கவிதையை நாலு தடவை படிப்பது மேல். கோடை வந்து தண்ணீர் வற்றினால் கிணற்றில் இறங்கித் தூர் வாருவது எளிது. கவிதைக்கும் அதேபோல அவசரம் வற்ற வேண்டும். உள்ளே என்ன கிடக்கிறது என்று அப்போதுதான் தெரியும். கிடைத்தது யாருடையது என்று பார்த்து, அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவும் வேண்டும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி