விதை நெல்லும் கம்ப்யூட்டர் நகலும்

விவசாயி விதை நெல்லை எப்படிக் காப்பாற்றுகிறார்? சாப்பாட்டு நெல்லோடு அதைக் கலப்பதில்லை. தனியாக வைக்கிறார். விதைக்கும் முன் ஒரு பிடி எடுத்து, ஈரத்துணியில் கட்டிப் பார்க்கிறார். முளை வந்தால்தான் அது விதை. வராவிட்டால் அது வெறும் நெல்.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் விதை நெல் வேண்டும். அதன் பெயர் நகல். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் அதை பேக்கப் என்பார்கள்.

எதை இழப்போம்?

பெங்களூர் காக்ஸ் டவுனில் இன்று பல வீடுகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒரு வீட்டில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்கிறார்கள். இன்னொரு வீட்டில் தையல் கணக்கு எழுதுகிறார்கள். பிள்ளைகளின் மார்க் சான்றிதழும் அதில்தான். இறந்துபோன பாட்டியின் போட்டோவும் அதில்தான்.

இவை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க்கில் பதிந்திருக்கின்றன. பழைய வகை டிஸ்க்கில் ஒரு தட்டு வேகமாகச் சுழலும். நாளாக ஆக அது பழுதாகும். புதிய வகைக்கு எஸ்.எஸ்.டி. என்று பெயர். அதில் சுழலும் தட்டு இல்லை. ஆனாலும் சத்தம் காட்டாமல் ஒரு நாள் நின்றுபோகலாம்.

திருட்டு போகலாம். மழைத் தண்ணீர் புகலாம். வைரஸ் வரலாம். 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் பரவியது. அது ஃபைல்களைப் பூட்டிவிட்டது. திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்று கேட்டது.

எஸ்.பி. ரோடுக்குப் போனால் புது டிஸ்க் வாங்கிவிடலாம். பாட்டியின் போட்டோ எந்தக் கடையிலும் கிடைக்காது.

மூன்று வழிகள்

முதல் வழி: பென் டிரைவில் காப்பி எடுப்பது. போட்டோ, கடிதம், கணக்கு ஆகியவற்றுக்கு இது போதும். எளிது. செலவும் குறைவு. ஆனால் கம்ப்யூட்டரை ஓட்டும் விண்டோஸ் இதில் வராது. விண்டோஸ் ஃபைல்களை அப்படியே இழுத்துப் போட்டாலும், புது டிஸ்க்கில் அது ஓடாது.

இரண்டாம் வழி: இன்டர்நெட்டில் சேமிப்பது. கூகுள் 15 ஜி.பி. வரை இலவசமாக இடம் தருகிறது. வீடு நனைந்தாலும் அது நனையாது. முக்கியமான ஃபைல்களுக்கு நல்லது. ஆனால் முழுக் கம்ப்யூட்டரும் அந்த இடத்தில் அடங்காது.

மூன்றாம் வழி: முழு நகல். விண்டோஸ், தமிழ் எழுத்துகள், பிரிண்டர் ஏற்பாடு, எல்லா ஃபைல்களும் ஒன்றாகச் சேர்ந்து வெளி டிஸ்க்குக்குப் போகும். டிஸ்க் பழுதானால் புது டிஸ்க்கைப் போட்டு, முழு நகலை அதில் இறக்கலாம். பழையபடியே வேலை தொடங்கலாம்.

கம்ப்யூட்டரை நம்பித் தொழில் செய்யும் வீட்டுக்கு மூன்றாம் வழிதான் ஏற்றது. அதோடு முக்கியமான ஃபைல்களை இன்டர்நெட்டிலும் வைக்கலாம்.

எந்தக் கருவி?

விண்டோஸிலேயே முழு நகல் எடுக்கும் கருவி ஒன்று உண்டு. ஆனால் 2017-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதைக் கைவிடப்போகும் கருவிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. வேறு கருவிகளைப் பயன்படுத்தும்படியும் சொல்லிவிட்டது. எனவே அதை மட்டும் நம்ப வேண்டாம்.

'குளோன்சில்லா', 'ரெஸ்கியூசில்லா' என்று இரண்டு கருவிகள் இருக்கின்றன. இரண்டும் இலவசம். இவற்றைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க வேண்டும். ரெஸ்கியூசில்லாவில் மவுஸை அழுத்தியே வேலையை முடிக்கலாம். அதனால் புதியவர்களுக்கு அது எளிது.

ஒரு எச்சரிக்கை. எந்த டிஸ்க்கிலிருந்து, எந்த டிஸ்க்குக்கு என்று கருவி கேட்கும். நகலைத் திரும்ப இறக்கும்போது டிஸ்க்கை மாற்றிச் சொன்னால், அந்த டிஸ்க்கில் உள்ளது அழிந்துவிடும். முதல் முறை செய்யும்போது தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நகல் இருந்தும் இல்லாத கதை

அமெரிக்காவில் பிக்ஸார் என்ற நிறுவனம் கார்ட்டூன் படங்கள் எடுக்கிறது. 1998-ல் அங்கே 'டாய் ஸ்டோரி 2' என்ற படம் தயாராகிக்கொண்டிருந்தது. ஒரு நாள் யாரோ கம்ப்யூட்டரில் தவறான கட்டளை கொடுத்துவிட்டார். படத்தின் பெரும் பகுதி அழிந்தது.

நகல் இருக்கிறதே என்று அதைத் திறந்தார்கள். நகல் சரியில்லை! சுமார் ஒரு மாதமாகவே நகல் எடுப்பது ஒழுங்காக நடக்கவில்லை. யாரும் திறந்து பார்க்கவில்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

கேலின் சஸ்மன் என்ற பெண் அங்கே வேலை செய்தார். குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள். வேலை பிழைத்தது. 1999-ல் படம் வெளியானது.

அத்தனை பெரிய நிறுவனத்தைக் காப்பாற்றியது எது? வேறு இடத்தில் இருந்த நகல். திறந்தபோது வேலை செய்த நகல்.

செய்ய வேண்டியவை

1. கம்ப்யூட்டரில் உள்ளதைவிட அதிக இடம் உள்ள வெளி டிஸ்க் வாங்குங்கள்.

2. மாதம் ஒரு முறை முழு நகல் எடுங்கள். அன்றாடக் கணக்கை அன்றன்றே காப்பி எடுங்கள்.

3. வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். மாட்டியே வைத்தால் வைரஸ் அதையும் பூட்டிவிடும்.

4. எடுத்த தேதியை ஒரு சீட்டில் எழுதி, டிஸ்க்கின் மேல் ஒட்டுங்கள்.

5. சில கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும். அதைத் திறக்க 48 இலக்க எண் ஒன்று உண்டு. அதை நோட்டில் எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

6. இன்னொரு நகல் எடுத்து உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

7. நகலைச் சோதித்துப் பாருங்கள். ரெஸ்கியூசில்லாவில் நகல் கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பொத்தான் உண்டு. அதைவிட நல்லது, சும்மா கிடக்கும் வேறு டிஸ்க்கில் நகலை இறக்கிப் பார்ப்பது. அந்த டிஸ்க்கில் கம்ப்யூட்டர் ஓடினால் விதை முளைத்துவிட்டது என்று பொருள்.

அருஞ்சொற்கள்

நகல் – அசலைப் போன்ற இன்னொன்று
முழு நகல் – டிஸ்க்கில் உள்ள எல்லாமும் சேர்ந்த நகல்
இலக்கம் – எண்ணில் உள்ள ஒவ்வொரு எழுத்து

விடை எழுதுவோம்

1. பென் டிரைவில் எடுக்கும் காப்பிக்கும் முழு நகலுக்கும் என்ன வேறுபாடு?
2. பிக்ஸார் நிறுவனத்தில் நகல் இருந்தும் ஏன் பயன்படவில்லை?
3. வெளி டிஸ்க்கை ஏன் கழற்றி வைக்க வேண்டும்?
4. உங்கள் வீட்டில் அழிந்தால் திரும்பக் கிடைக்காதவை எவை? ஐந்தை எழுதுங்கள். அவற்றுக்கு நகல் இருக்கிறதா?