வீட்டு நீச்சல் குளத்தின் ஓரத் தளம்: திரேஸ்புரம் கரைக்கான முக்கியக் குறிப்புகள்

இடமும் கல்லும்
• திரேஸ்புரம்: தூத்துக்குடி நகரின் மீனவர் பகுதி. நாட்டுப் படகுக்கும் சங்கு குளித்தலுக்கும் பேர்போனது.
• எதிரே மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா (1986), 21 தீவுகள்.
• சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறைகளை வெட்டியெடுத்த காலம் இங்கு உண்டு. விலாங்குசல்லித் தீவு நீரில் மூழ்கியதற்கு அது முக்கியக் காரணம்.
• பாறை கட்டும் பவளங்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் (1972) முதல் அட்டவணையில் சேர்ந்தன. ஆகவே இன்று தளத்துக்குக் கல் கடலிலிருந்து அல்ல, உள்நிலப் பகுதியிலிருந்துதான் வர வேண்டும்.

வழுக்குவது ஏன்?
• பாதத்துக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. வழவழப்பான பரப்பு அதை உடைக்காது. சொரசொரப்பின் முனைகள் உடைக்கும்.
• தேய்ந்த அம்மியை உளியால் கொத்துவதை நினைவில் கொள்க. கருங்கல்லில் ‘கொத்திய பரப்பு’ என்பதும் அதே வேலைதான். தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்குவது இன்னொரு முறை.

அளவுகோல்கள் (குழப்பிக்கொள்ளாதீர்)
• வெறுங்கால், சோப்பு நீர், சாய்தளச் சோதனை (டி.ஐ.என். 51097): வகுப்பு ஏ-க்குக் குறைந்தது 12° சாய்வு, பி-க்கு 18°, சி-க்கு 24°. குளத்தைச் சுற்றிய தளத்துக்கு பி. நீருக்குள் இறங்கும் படிக்கு சி.
• காலணி, எண்ணெய், சாய்தளச் சோதனை (டி.ஐ.என். 51130): ஆர்9 முதல் ஆர்13 வரை. கடைக்காரர் ‘ஆர்11’ என்றால் அது வெறுங்காலுக்கான சான்று ஆகாது.
• ஊசல் சோதனை: ஈர நிலையில் மதிப்பு 36-உம் அதற்கு மேலும் என்றால் வழுக்கும் வாய்ப்பு குறைவு.

எந்தப் பொருள்?
• கருங்கல் (கிரானைட்): தீப்பாறை. கொத்தியோ சுட்டோ போட்டால் நன்று. பாலிஷ் போட்டது கூடாது. கறுப்புக் கல் தூத்துக்குடி வெயிலில் பாதத்தைச் சுடும், வெளிர்நிறமே ஏற்றது.
• கடப்பா, கோட்டா: சுண்ணாம்புக்கல், படிவுப் பாறை. அமிலம் பட்டால் அரிக்கும். கழிவறை ஆசிட்டால் தேய்க்கக் கூடாது.
• விட்ரிஃபைடு டைல்ஸ்: நீர் உறிஞ்சல் 0.5 சதவீதத்துக்கு மிகாது. மேட், சொரசொரப்பு வகையே தேர்க; பளபளப்பு வகை வீட்டுக் கூடத்தோடு நிற்கட்டும்.

உப்புக் காற்றுக்கு
• ஐ.எஸ். 456:2000 கடற்கரைச் சூழலைக் ‘கடுமை’ என்கிறது: கம்பி கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 தரம். கடல்நீர்த் துளி தெறிக்கும் இடம் ‘மிகக் கடுமை’: எம்35. இரண்டிலும் நீர்-சிமெண்ட் விகிதம் அதிகபட்சம் 0.45.
• கைப்பிடிக்கு 316 ரகத் துருப்பிடிக்கா எஃகு. இதில் 304-இல் இல்லாத மாலிப்டினம் உண்டு.

கொத்தனாரிடம் சொல்ல வேண்டியவை
• வாட்டம்: மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ., குளத்துக்கு எதிர்ப்புறமாக.
• தேங்கும் நீரில் பாசி பிடிக்கும். பாசி பிடித்தால் கொத்திய கல்லும் வழுக்கும். ஆகவே வாட்டமும் கல்லும் சேர்ந்ததே பாதுகாப்பு.

நினைவுச் சூத்திரம்: நனைத்துப் பார், வெறுங்காலால் பார், பிறகு விலை கேள்.