திறப்பு யார் கையில்?
எமது பத்திரங்களைக் கணனியில் காப்பது பற்றிய ஒரு பாடம்

வீட்டையும் வயலையும் விட்டு ஓடிவந்த எமக்கு, அவை எம்முடையவை என்று சொல்லச் சில தாள்களே சாட்சி. காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை 1990களின் இடப்பெயர்வுகளிலும், 2004 ஆழிப்பேரலையிலும், 2009 இறுதிப் போரிலும் பலர் இழந்தோம். எனவே, எஞ்சிய பத்திரங்களைப் படம்பிடித்துச் சங்கத்தின் கணனியில் சேமிப்பது நல்ல முயற்சியே. ஆனால் அந்தக் கணனியை யார் யார் திறக்கலாம் என்பதையும் நாம் தீர்மானிக்க வேண்டும்.

பல இடங்களில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்தான். அது சுவரிலும் ஒட்டப்பட்டிருக்கும். ஒருநாள் ஒரு குடும்பத்தின் காணி அளவு 2 ஏக்கரிலிருந்து 1 ஏக்கராக மாறியிருந்தால், மாற்றியவர் யார் என்று எவராலும் சொல்ல முடியாது. பிழை செய்தவர் தப்புவார், குற்றமற்றவர்மீது சந்தேகம் விழும், சங்கம் உடையும்.

குளம் தரும் பாடம்

குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று எவரும் பார்க்கலாம். எப்போது திறப்பது என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டம் தீர்மானிக்கும். துருசைத் திறப்பவரோ அப்பொறுப்புக்கு நியமிக்கப்பட்டவர் மட்டுமே. அவர் பொறுப்பை விட்டால் திறப்பு அடுத்தவரிடம் போகும். அது ஆளுக்கு உரியதல்ல, பொறுப்புக்கு உரியது.

கணனித் துறையிலும் இதே முறை உண்டு. அனுமதியை ஆளுக்குக் கொடாமல் பொறுப்புக்குக் கொடுத்து, ஆளை அப்பொறுப்பில் அமர்த்தும் முறையை 1992இல் டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் குன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் ஒழுங்காக வகுத்து எழுதினர்.

நாம் செய்யவேண்டியவை

1. ஒருவருக்கு ஒரு கணக்கு. கடவுச்சொல்லைக் கணவன் மனைவிக்குள்ளும் பகிர வேண்டாம். அடையாள அட்டை இலக்கத்தையோ பிள்ளையின் பெயரையோ கடவுச்சொல்லாக வைக்க வேண்டாம்.

2. மூன்று பொறுப்புகள். பார்ப்பவர் வாசிக்க மட்டும் முடியும். பதிபவர் புதிய விபரம் சேர்க்கலாம், திருத்தலாம், அழிக்க முடியாது. நிர்வாகி கணக்குகளைத் திறப்பார், மூடுவார். வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் எவருக்கும் அனுமதி வேண்டாம்.

3. நிர்வாகிகள் இருவர். ஒருவர் நோயுற்றாலும் வேலை நிற்காது. அன்றாடப் பதிவுகளுக்கு அவர்களும் சாதாரணக் கணக்கையே பாவிக்க வேண்டும்.

4. விலகுபவரின் கணக்கை அன்றே மூடுங்கள். அழித்துவிட வேண்டாம், அவர் முன்பு செய்த பதிவுகள் யாருடையவை என்பது தெரிய வேண்டும்.

5. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற குறிப்பைக் கணனி தானே எழுதும்படி அமைக்கலாம். அதை மாதக் கூட்டத்தில் வாசியுங்கள்.

6. ஒரு பிரதியை வேறிடத்தில் வையுங்கள். 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது அங்கிருந்த ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. மூலப்பத்திரம் என்றும் குடும்பத்திடமே இருக்கட்டும்.

இது ஏன் முக்கியம்?

எந்தக் காணி ஆளில்லாமல் கிடக்கிறது, எந்த வீட்டில் ஒரு தாய் தனியே பிள்ளைகளை வளர்க்கிறார் என்பதெல்லாம் அப்பட்டியலில் இருக்கும். தீயவர் கைக்கு அது போனால் காணியும் போகலாம், பாதுகாப்பும் போகலாம். தனிப்பட்ட விபரங்களைக் காக்க வேண்டும் என்பதற்காகவே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் நம் நாட்டில் இயற்றப்பட்டது. தன் குடும்பத்தைப் பற்றிய பதிவைப் பார்க்கவும் பிழையைத் திருத்தும்படி கேட்கவும் ஒவ்வொருவருக்கும் சங்கம் இடமளிக்க வேண்டும்.

"எங்களை நம்பவில்லையா?" என்று சிலர் மனம் நோகக்கூடும். நற்செய்தியில் வரும் வீட்டுப் பொறுப்பாளரிடமும் கணக்குக் கேட்கப்பட்டது. நேர்மையாக உழைப்பவருக்குக் கணக்கே காவல்.

கூடிப் பேசுவோம்

1. எமது சங்கக் கணனியின் கடவுச்சொல் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?
2. விலகிச் சென்ற எவருடைய கணக்காவது இன்னும் திறந்திருக்கிறதா?
3. எமது குடும்பத்தைப் பற்றிய பதிவை நாம் கடைசியாக எப்போது பார்த்தோம்?