பிரஷ்ஷைக் கண்டாலே வாயை மூடும் மகள்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவள். பல் தேய்க்கப் போனாலே வாயை இறுக்கிக்கொள்கிறாள். ஈறில் ரத்தமும் வருகிறது. என்ன செய்வது?

பதில்: ரத்தத்தைப் பார்த்துப் பயந்து தேய்ப்பதை நிறுத்திவிடாதீர்கள், அம்மா. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு ஈறு நோய் சிறு வயதிலேயே வரும் வாய்ப்பு அதிகம். பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் படியும் அழுக்குதான் பெரும்பாலும் காரணம். ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் மென்மையான, சின்னத் தலையுள்ள பிரஷ்ஷால் அந்த விளிம்பைத் தேய்த்து வாருங்கள்.

எதிரே நின்று தேய்க்கவேண்டாம். நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று அவள் தலையை உங்கள் மார்பில் சாய்த்துக்கொள்ளுங்கள். கழுத்தை மட்டும் பின்னுக்கு வளைக்காதீர்கள். இந்தப் பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்வாக இருக்கும். ஒரு விரலால் கன்னத்தை விலக்கினால் கடைவாய்ப் பல் தெரியும். பல்லுக்கு நடுவே விரல் போகக்கூடாது. முதலில் சில நாள் முன்பல் மட்டும் போதும். சத்தமாகப் பத்து வரை எண்ணி, சொன்னபடியே நிறுத்துங்கள். நிறுத்துவீர்கள் என்ற நம்பிக்கை வந்தால்தான் வாய் திறக்கும்.

பேஸ்ட்டின் காரமும் நுரையும் பிடிக்காமலும் அடம்பிடிக்கலாம். காரமில்லாத ஃபுளோரைடு பேஸ்ட் வாங்கிப் பாருங்கள். துப்பத் தெரியாதென்றால் அரிசியளவு போதும்.

தினமும் இனிப்பான சிரப் கொடுக்கிறீர்களா? இரவில் அதைக் கொடுத்த பிறகே பல் தேய்த்துவிடுங்கள். தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் இனிப்பு பல்லிலேயே தங்கிவிடும்.