கனமான விரிப்பு நகராதா?

மாணவர்களே! வீட்டில் காருக்கு ரப்பர் மேட் வாங்கப் போகிறார்களா? நீங்களும் உடன் செல்லுங்கள். மழைநீரும் சேறும் தளத்தில் இறங்காதபடி ஓரம் உயர்ந்த விரிப்புகளைக் கடைக்காரர் காட்டுவார். "நல்ல கனம், நகரவே நகராது" என்பார்.

இது சரிதானா? பிரேக் போட்டதும், நிலைமத்தின் காரணமாக விரிப்பு முன்னோக்கி நகர முயல்கிறது. அதை நிறுத்தத் தேவையான விசை, நிறை × எதிர்முடுக்கம். கிடைக்கக்கூடிய உராய்வு விசையோ, உராய்வுக் குணகம் × நிறை × புவியீர்ப்பு முடுக்கம். இரண்டிலும் நிறை உள்ளது, அடித்துவிடுங்கள்! கனத்தால் பயனில்லை. எதிர்முடுக்கம் 7 மீ/வி² என்றால், குணகம் சுமார் 0.7 ஆவது வேண்டும். அடியில் ஈரமோ பழைய விரிப்போ கிடந்தால் அவ்வளவு கிடைப்பது அரிது. விரிப்பு நழுவி மிதிகளை நோக்கிச் செல்லும்.

சென்றால் என்ன ஆகும்? 2009 ஆகஸ்டில், அமெரிக்காவில் சான் டியேகோ அருகே ஒரு லெக்சஸ் காரில், வேறு மாடலுக்குரிய ரப்பர் விரிப்பு போடப்பட்டிருந்தது. ஆக்சிலரேட்டர் மிதி அதில் சிக்கியது, கார் நிற்கவில்லை. நால்வர் இறந்தனர். அதே ஆண்டில் டொயோட்டா நிறுவனம் சுமார் 38 லட்சம் கார்களுக்குத் திருத்தம் அறிவித்தது.

ஆகவே உங்கள் கார் மாடலுக்கென்றே செய்த, தளத்துக் கொக்கியில் மாட்டக்கூடிய விரிப்பையே கேளுங்கள். விலை சற்றுக் கூடுதல்தான், பரவாயில்லை. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள். பிறகு என்ஜின் ஓடாதபோது, அப்பாவையோ அம்மாவையோ ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தி விடச் சொல்லுங்கள். மிதி எங்கும் உரசாமல் திரும்பி வருகிறதா என்று குனிந்து பாருங்கள்.