பெரிய கவுண்டி, சின்னக் கூட்டம்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள செர்ரி கவுண்டி, கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியதாமே? பிறகு ஏன் அங்கே ஆட்களே இல்லை? – வாசகி, கரூர்

மணல்தான் காரணம், அம்மா. சுமார் 15,500 சதுர கி.மீ. பரப்பு, 2020 கணக்கெடுப்பில் 5,455 பேர். ஏறத்தாழ மூன்று சதுர கி.மீ.க்கு ஓர் ஆள்தான் தேறுகிறார்! சாண்ட்ஹில்ஸ் எனப்படும் மணல்மேடுகளைப் புல்வேர்தான் இழுத்துப் பிடித்திருக்கிறது. உழுதால் மணல் காற்றோடு போய்விடும். அடியில் ஒகலாலா நிலத்தடி நீர் ஏராளம். மேடுகளுக்கு நடுவே ஏரிகள்கூட உண்டு. ஆனால் மண் பயிருக்கு ஒத்துழைக்காது.

1904-இல் வந்த கின்கெய்ட் சட்டம் குடும்பத்துக்கு 640 ஏக்கர் இலவசம் என்றது. ஓடி வந்து உழுதவர்களில் பலர் நொடித்துப்போய், மாட்டுப் பண்ணைக்காரர்களிடம் நிலத்தை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். ஒரு மாடு மேய்வதற்கே பல ஏக்கர் வேண்டுமென்றால் மனிதர்கள் நெருக்கமாக வாழ்வது எப்படி? இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தலைநகரான வேலன்டைனில்தான்.

போகிறவர்களுக்கு ஒரு சேதி: கவுண்டியின் கிழக்குக்கும் மேற்குக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். சாப்பாட்டுக்கு அழைத்தால் எந்த மணி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.